குதிரை போகாத கட்டம்

அத்தியாயம் 6

செஸ் விளையாடத் தெரியாத ஒரு பெண் மூன்று வாரமாகத் தினமும் இரண்டு காய் நகர்த்திக்கொண்டிருந்தாள். காலையில் ஒரு வெள்ளை, மாலையில் ஒரு கறுப்பு. அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. மதன்குமார் ஆகிய என்னுடைய பிறவிக் கோளாறு அது. சிரிக்கக் கூடாத இடத்தில்தான் வாய் முதலில் கோணும். கல்யாணி மேடம் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் அதை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி. கடல் கடந்து நாங்களெல்லாம் பிழைக்க வந்த ஊரின் தென்கோடியில், தகனினியில் அச்சில் வார்த்தாற்போல வரிசையாக நிற்கும் புது வீடுகளில் ஒன்று. சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லை, நடுவில் செஸ் பலகை இருந்தது. அந்தப் பக்கம் நிலானி. முதியோர் இல்லத்தில் எட்டு வருடமாக வேலை, இப்போது லீவு. அவளுடைய கணவன் நிமலன் மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோள்பையோடு கிளம்பிப் போனவன்தான். ஆள் வரவில்லை. கண்டுபிடித்துத் தரச் சொல்லி எங்களிடம் வந்திருந்தாள்.

எங்களிடம் என்றால் மேடத்திடம். பன்னிரண்டு வருடம் இன்ஷூரன்ஸில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்தவர். இப்போது சாண்ட்ரிங்ஹாமில் ஒரு மளிகைக்கடை மாடியில் துப்பறியும் லைசென்ஸைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார். நான் கார் ஓட்டுவேன், படம் எடுப்பேன், வேண்டாத நேரத்தில் பேசுவேன். மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது.

நிமலன் ஏன் போனான் என்பதில் மர்மம் இல்லை. மங்கரேயில், விமான நிலையத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். அந்த ஞாயிற்றுக்கு மூன்று நாள் முன்னால் வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது அடுக்கு சரிந்து, கூட வேலை செய்யும் சியோனே என்கிற இளைஞனின் இரண்டு காலும் முறிந்துவிட்டன. அடுக்கியதில்தான் பிழை, ஓட்டியவர் மேல் தவறில்லை என்று விசாரணையில் வந்தது. வந்தது நிமலன் போன பிறகு.

சியோனே வீட்டுக்கு மேடம் போன வாரமே போன் செய்துவிட்டார். அவனுடைய அம்மா எடுத்தார். மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான், தேறி வருகிறான், தயவுசெய்து யாரும் வீட்டுக்கு வர வேண்டாம் என்றார். நிமலனைப் பற்றிக் கேட்டதற்கு, அவன் நல்லவன், அவன் மேல் எங்களுக்குக் கோபமில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். மேடம் தன் நோட்டில் அந்த முகவரியின் மேல் ஒரு கோடு போட்டார். அந்த வீட்டுக்குப் போய் நிற்க எனக்கும் மனமில்லை, எனவே அந்தக் கோடு எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

மர்மம் எங்கே என்றால், பலகையில்.

போலீசில் சொன்ன முதல் நாள், விபரீதமாக ஏதும் செய்துகொண்டானோ என்று கடற்கரையோரம் எல்லாம் தேடியிருக்கிறார்கள். மறுநாள் காலை எட்டுப் பத்துக்கு நிமலனின் போனிலிருந்து அவனுடைய நண்பன் வெற்றிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செஸ் நகர்த்தல் வந்தது. அடுத்த நாளும் வந்தது. நிலானி அனுப்பிய செய்திகளெல்லாம் நீல டிக்கோடு நின்றன, பதில்தான் இல்லை. வயது வந்த ஆள், உயிரோடு இருக்கிறார், வீட்டோடு பேச விருப்பமில்லை, அது அவருடைய உரிமை என்று சொல்லிப் போலீஸ் தேடுவதை நிறுத்திக்கொண்டது. வெற்றி தினமும் அந்தத் திரையைப் படம் பிடித்து நிலானிக்கு அனுப்புவான். அவள் கட்டத்தின் எழுத்தையும் எண்ணையும் பார்த்துப் பார்த்துக் காயை எடுத்து வைப்பாள்.

"என்னோட கதைக்காமல் விட்டாலும் பரவாயில்லை" என்றாள் நிலானி. "காலமை ஒரு காய் வருதெண்டால் ஆள் இருக்கிறார் எண்டு தெரியுது. அது காணும் எனக்கு."

மேடம் அந்தப் படங்களை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். நிலானி உள்ளே போய் ஒரு நாற்பது பக்கக் கொப்பியையும் கொண்டுவந்து வைத்தாள். நிமலன் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவன். வெற்றி தமிழ்நாட்டுக்காரன், ஆல்பனியில் ஐ.டி. வேலை. போன வருடம் கோயில் அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்த இடத்தில் இருவருக்கும் பழக்கம். ஒழுங்காகச் செஸ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வெற்றி கேட்க, நிமலன் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க எழுதி வைத்துக்கொண்ட கொப்பி அது. நடுவில் உள்ள நாலு கட்டத்தை முதலில் பிடி, குதிரைகளை வெளியில் எடு, ராணியை அவசரப்பட்டு வெளியில் விடாதே, பத்து நகர்த்தலுக்குள் ராஜாவைப் பத்திரமான மூலைக்கு அனுப்பு என்று குண்டுக் கையெழுத்தில் இருந்தது. முதல் பக்கத்தின் தலையில் மட்டும் சிவப்பு மை: தொடக்கத்தில் ஒரு சிப்பாய்தான், இரண்டு இல்லை, உங்கட வீட்டுச் சட்டம் இங்க செல்லாது.

அந்தச் சிவப்பு வரியில் மேடத்தின் விரல் நின்றுவிட்டது. பிறகு திரும்பி முதல் நாள் படத்தைப் பார்த்தார்.

அன்றைக்கு எத்தனை காய் வைத்தாய் என்று நிலானியிடம் கேட்டார். இரண்டு எழுதியிருந்தது, இரண்டு வைத்தேன், கறுப்பிலும் இரண்டு என்றாள் அவள். பிழையோ என்று கேட்டாள். பிழையில்லை என்றார் மேடம். பொய் சொல்லும்போது மேடத்தின் குரல் வழக்கத்தைவிட மென்மையாகிவிடும்.

கிளம்பும்போது வாசலில் நின்று, நிமலன் என்னென்ன கொண்டுபோனான் என்று மறுபடி கேட்டார். இரண்டு சேர்ட், சவரச் சாமான், மூலை வெடித்த ஒரு பழைய டேப்லெட். போனுக்குப் பூட்டு உண்டா?

"பூட்டேல்ல. ஒளிக்கிறதுக்கு என்னட்ட என்ன கிடக்கு எண்டு கேப்பார்" என்றாள்.

*

நெடுஞ்சாலையில் ஏறும்வரை நான் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு சிப்பாய் கூடுதலாக நகர்ந்ததற்கா இப்படி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள், சிப்பாய்க்கு ஓவர்டைம் கொடுத்தால் போச்சு என்றேன்.

"மதன், நீ செஸ் ஆடுவியா?"

"கேரம் மட்டும்தான் மேடம். எதுவா இருந்தாலும் நான் செய்யல."

அவர் சிரிக்கவில்லை. விளக்கினார். விருதுநகரில் அவர் வீட்டில் அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஆட்டத்தை ஒரே மாதிரிதான் தொடங்குவார்களாம். முதல் முறை மட்டும் இரண்டு சிப்பாய்களை ஆளுக்கு ஒரு கட்டம் முன்னால் வைப்பது. நம் ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான். வெளியே எந்தப் போட்டியிலும் அது செல்லாது. ஒரு முறைக்கு ஒரு காய்தான்.

"நிமலன் போட்டியில ஆடினவர். அந்தப் பழக்கத்தை அடிச்சுத் திருத்தணும்னு சிவப்பு மையில எழுதி வச்சவர். அவரு போய் ரெண்டு சிப்பாயை நகர்த்துவாரா?"

"அப்ப அவர் போன்ல இருந்து விளையாடுறது வேற யாரோ."

"நம்ம ஊர் வீட்டுல பழகின யாரோ. எதிர்ல ஆடினவனும் அதே மாதிரி ரெண்டு வச்சிருக்கான், ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல."

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் ஒரே கை. வெற்றியைப் பிடித்துவிட்டோம் என்று நான் துள்ளியிருக்க வேண்டும். துள்ளவில்லை. காலமை ஒரு காய் வருதெண்டால் ஆள் இருக்கிறார் என்று அவள் சொன்னது காதில் நின்றது. காய் அவனுடையது இல்லையென்றால் ஆள் இருப்பதற்கு என்ன சாட்சி? மூன்று வாரமாக ஒருவரும் அவனைத் தேடவில்லை. ஹார்பர் பாலத்தில் ஏறியபோது கீழே தண்ணீர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டினேன்.

*

ஆல்பனி மாலில், சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் பகுதியில் வெற்றி எங்களுக்காகக் காத்திருந்தான். முப்பது வயது இருக்கும். கழுத்தில் ஆபீஸ் அட்டை. முன்னால் டப்பாவில் தயிர்சாதம், தொடாமல் இருந்தது. பக்கத்துப் பொம்மைக் கடையில் மேடம் என்னை வாங்கிவரச் சொன்ன காந்தச் செஸ் பலகையை மேசையில் விரித்தார். அவன் முகம் மாறியது.

"பயப்படாதீங்க. எனக்கு யோசிக்கும்போது கை சும்மா இருக்கக் கூடாது. வெள்ளை உங்களுக்கு" என்றார்.

அப்புறம் செஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் எது, அம்மா எப்படி இருக்கிறார், இங்கே குளிருக்கு அவர் வருவாரா, நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அடுக்கடுக்காகக் கேட்டார். விசா பேச்சு வந்ததும் அவன் மும்முரமாகிவிட்டான். ஏழு மாதமாக நிற்கிறது, மெடிக்கல் முடிந்தது, போலீஸ் சான்றிதழ் கொடுத்தாயிற்று, ஆபீஸில் ஆட்குறைப்பு வேறு. பேசிக்கொண்டே இரண்டு கையாலும் இரண்டு சிப்பாய்களை எடுத்து ஆளுக்கு ஒரு கட்டம் முன்னால் வைத்தான்.

வைத்த பிறகுதான் பார்த்தான். கை பலகையிலேயே நின்றுவிட்டது.

"ஒரு வருஷம் சொல்லிக் குடுத்தும் கை மறக்கல, பாருங்க" என்றார் மேடம். "நிமலனோட போன் எங்க வெற்றி?"

அவன் மறுக்கவில்லை. அதைச் சொல்ல யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்தவன் போலக் கொட்டித் தீர்த்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை நிமலன் அவன் வீட்டுக்கு வந்தான். ஒரு ஆட்டம் ஆடினான், டீ குடித்தான், பஸ்ஸில் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் காய்களை எடுத்து வைக்கப் பெட்டியைத் திறந்தால் அடியில் நிமலனின் போன். மறந்து விட்டதாகத் தெரியவில்லை, துணி சுற்றி வைத்திருந்தது. அதற்குள் நிலானியிடமிருந்து அழைப்பு. போலீஸ் கரையோரம் தேடுகிறது என்று அழுதாள். உங்களைப் பார்க்க வந்தாரா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டான்.

"கடைசியா பாத்தது நான். போன் என்கிட்ட இருக்கு. போலீஸ் பைல்ல என் பேர் வந்தா விசா என்ன ஆகும்னுதான் முதல்ல தோணிச்சு. அசிங்கமாத்தான் இருக்கு, ஆனா அதான் தோணிச்சு. அப்புறம் அக்கா அழுதது காதுலயே இருந்துச்சு. ஒரு நாளைக்கு மட்டும்னு அனுப்பினேன் மேடம். ஒரே ஒரு நாளைக்கு. அவங்க போன் பண்ணி, அவர் இருக்காருன்னு சிரிச்சாங்க. அடுத்த நாள் எப்படி நிறுத்துறது?"

பர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து முழு ஆட்டத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தான். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் வெள்ளை, வேலை விட்டு வந்ததும் கறுப்பு. பாதிப் பயம், பாதிப் பாசம். இரண்டில் எது எதற்கு முட்டுக்கொடுத்தது என்று அவனுக்கே தெரியாது.

மேடம் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

"உங்க ரெண்டு சிப்பாயைப் பாத்துதான் தேடுறதை நிறுத்தினாங்க வெற்றி. காணாமப் போனவனுக்கு முதல் ரெண்டு நாள் எவ்வளவு முக்கியம்னு தெரியுமா?"

தயிர்சாத டப்பாவுக்கு மேல் குனிந்து அவன் அழுதான். பக்கத்து மேசையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. என்னிடம் எப்போதும் ஒரு ஜோக் கைவசம் இருக்கும். அப்போது இல்லை. அதனால் கைக்கு வேலை கொடுக்க அவன் தாளையும் நிலானி அனுப்பிய படங்களையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். செஸ் தெரியாதவன் நேரத்தைத்தானே பார்ப்பான்? எட்டுப் பத்து, ஆறு மணி, எட்டுப் பத்து, ஆறு மணி. இந்த வாரம் செவ்வாய்க்கிழமை மட்டும் வெள்ளைக் காய் மதியம் இரண்டு நாற்பதுக்கு நகர்ந்திருந்தது. தாளில் அந்த நகர்த்தலே இல்லை.

மேடத்திடம் நீட்டினேன். அவர் சின்னப் பலகையில் அதுவரை வந்த நகர்த்தல்களை மளமளவென்று வைத்தார். செவ்வாய்க்கிழமையது ஒரு குதிரை. எதிரியின் ராஜாவுக்கும் ராணிக்கும் சரியாக எட்டும் ஒரு கட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

"இதுக்குக் கவைன்னு பேரு மதன். ஒரே குதிரை, ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல மிரட்டுது. ராஜா விலகியே ஆகணும். அடுத்த முறை ராணியை வெட்டிரலாம். இந்த ஆட்டத்துல இது ஒண்ணுதான் உருப்படியான நகர்த்தல்." புதன்கிழமை படத்தைத் தொட்டார். "ஆனா அடுத்த நாள் வெள்ளை ராணியை வெட்டல. ஓரத்துச் சிப்பாயைத் தள்ளியிருக்கு. கவை போடத் தெரிஞ்சவனுக்கு வெட்டத் தெரியாதா?"

"அது நான் அனுப்பல" என்றான் வெற்றி. கண்ணைத் துடைத்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை காலையில் அவன் மறந்துவிட்டான். மதியம் மீட்டிங்கில் இருந்தான், நிமலனின் போன் வீட்டு இழுப்பறையில் இருந்தது. சாயங்காலம் பார்த்தால் வெள்ளை ஏற்கெனவே நகர்ந்திருக்கிறது. தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது, தூக்கக் கலக்கத்தில் தானே அனுப்பியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். கறுப்பு ராஜாவை விலக்கிவிட்டு, மறுநாள் தாளில் அடுத்து என்ன இருந்ததோ அதை அனுப்பினான். ஒரே ஒரு தடவை தன் போனிலிருந்து 'அண்ணா நீங்களா' என்று கேட்டு, பதில் வராமல் அழித்துவிட்டான். அன்றிலிருந்து அந்தப் போனைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறான்.

மேடம் கையை நீட்டினார். அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பூட்டில்லாத போன். வாட்ஸ்அப்பில், இந்தக் கணக்கு வேறு எந்தக் கருவியோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தார். ஒரே ஒரு வரி இருந்தது. ஒரு டேப்லெட். கடைசியாகப் பயன்படுத்திய நேரம்: இன்று மதியம் 12:52.

அப்போது மணி ஒன்று பத்து.

மூலை வெடித்த டேப்லெட். பதினெட்டு நிமிடத்துக்கு முன் நிமலன் எங்கேயோ உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறான். எனக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது. அந்த ஆளை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருந்திருக்காரு" என்றார் மேடம் மெதுவாக. "வெற்றி தன் பேருல ஆடுறதையும், மனைவி எழுதினதையும். எதுக்கும் வாயைத் திறக்கல. ஆனா தன் பேருல இவ்வளவு கேவலமா ஒருத்தன் ஆடுறதை மட்டும் அவரால தாங்க முடியல."

*

தகனினிக்குத் திரும்பும்போது பின் சீட்டில் வெற்றியும் இருந்தான். நாளைக்கு மேடத்தோடு போலீசுக்குப் போய் நடந்ததைச் சொல்ல ஒப்புக்கொண்டிருந்தான். ஆனால் முதலில் சொல்ல வேண்டிய இடம் வேறு. வெள்ளிக்கிழமை நெரிசல் இரண்டு மணிக்கே தொடங்கிவிட்டது. நாங்கள் போய்ச் சேர நாலாகிவிட்டது.

வெற்றி நின்றுகொண்டே சொன்னான். நிலானி உட்கார்ந்து கேட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை.

"அப்ப நான் மூண்டு கிழமையா உம்மோடயே கதைச்சுக்கொண்டிருந்தனான்?" என்று மட்டும் கேட்டாள்.

மேடம் உடனே அவள் பக்கத்தில் உட்கார்ந்து மறுபாதியைச் சொன்னார். நிமலன் உயிரோடு இருக்கிறான், இன்று மதியம்வரை நிச்சயமாக இருக்கிறான், அவள் எழுதிய எல்லாவற்றையும் படித்திருக்கிறான். உயிரோடு என்றதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். படித்திருக்கிறான் என்றதும் திறந்தாள். திறந்த கண்ணில் கோபம் இருந்தது. அதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

கெஞ்சி எழுதினால் பதில் வராது, மூன்று வாரமாக வரவில்லை என்றார் மேடம். அவன் ஒரே ஒரு தடவை வாய் திறந்தது ஒரு மோசமான ஆட்டத்தைப் பார்த்துத்தான். ஆகவே இப்போது, முறை கறுப்புக்கு என்றாலும் பரவாயில்லை, அதைவிட மோசமாக ஒன்றை அவன் பேரில் அனுப்ப வேண்டும். வெற்றி பலகையைப் பார்த்து, ராணியை வெட்டுக்குக் கொடுக்கலாம், இல்லை ராஜாவை நடுவில் கொண்டுவரலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அந்த விஷயத்தில் அவனைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன்.

நிலானி யாரையும் கேட்கவில்லை. கவை போட்டு நின்ற குதிரையை எடுத்தாள். முதன்முதலில் அதை எங்கிருந்து எடுத்தாளோ அந்தக் கட்டத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

"இந்தக் கட்டத்துக்கு என்ன பேர்?"

"g1. ஆனா அக்கா, குதிரை அங்கேருந்து இங்க ஒரே தாவுல வராது. இதைச் செஸ் தெரிஞ்ச யாருமே—"

மேடம் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். நிலானி கணவனின் போனை எடுத்து, குதிரை g1 என்று அடித்து அனுப்பினாள்.

போனை மேசையில் வைத்துவிட்டு நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் டீ போடட்டுமா என்று கேட்டேன், கேட்டதோடு சரி. பதினோரு நிமிடம் ஆயிற்று. திரையில் நிமலனின் பக்கத்திலிருந்து, நாங்கள் தொடாமலே, ஒரு வரி வந்து விழுந்தது.

அது அங்க போகாது நிலானி.

வெற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். மோசமாக ஆடத் தெரிந்தவன் அவன். ஆடவே தெரியாதவள் இந்த உலகத்தில் நிமலனுக்கு ஒருத்திதான். ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டான். மேடம் இதைத்தான் எதிர்பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சீந்திக்கொண்டிருந்தார்.

நிலானி அழவில்லை. எனக்கு விளையாடத் தெரியாது, எங்க இருக்கிறீங்கள் என்று அடித்தாள். இந்தத் தடவை நாலு நிமிடம். வந்ததில் காய் எதுவும் இல்லை. மங்கரேயில் ஒரு தெருவின் பெயரும் வீட்டு எண்ணும் இருந்தன.

அவள் அதைச் சத்தமாக வாசித்தாள். மேடம் திரும்பினார். மேசையில் கிடந்த தன் நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே வந்த கை ஒரு பக்கத்தில் நின்றது. அதே தெரு, அதே எண். மேலே அவரே போட்ட கோடு.

சியோனேயின் வீடு.

"போன்ல கேட்டதோட விட்டுட்டேன்" என்றார் மேடம். "போய் நிக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு. நீயும் போகல, நானும் போகல, இவங்களும் போகல. நாம யாரும் போகாத இடத்துக்கு அவர் ஒருத்தர்தான் போயிருக்காரு."

வரவேண்டாம் என்று அந்த அம்மா ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் நல்லவன் என்று அவர் சொன்னது பக்கத்து அறையில் இருந்தவனைப் பற்றி.

இன்னொரு செய்தி வந்தது. கொஞ்சம் நீளம். நிலானி எழுந்து நின்று வாசித்தாள். "தாய் விடியவே வேலைக்குப் போயிடுவா. பகலில சியோனேயைத் தூக்கிக் குளிக்க வார்க்க ஆளில்லை. நான் முறிச்ச கால், நான்தானே பாக்கோணும். உமக்குச் சொன்னால் நீர் வேண்டாமெண்டிருப்பீர். பிறகு உம்மோட கதைக்க எனக்கு முகமில்லை."

போனை அணைக்காமலே மேசையில் வைத்தாள். பிறகு பேசியது எங்களிடமா, அவனிடமா என்று தெரியவில்லை.

"எட்டு வருசமா ஆக்களைத் தூக்கிக் குளிக்க வாக்கிறதுதானே என்ர வேலை. என்னை ஒரு சொல் கேக்கேல்ல. வேண்டாமெண்டு சொல்லுவனாம்."

உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு அகலமான பெல்ட் இருந்தது. இரண்டு பக்கமும் பிடி வைத்தது. நடக்க முடியாதவர்களின் இடுப்பில் கட்டித் தூக்குவதற்கு முதியோர் இல்லங்களில் வைத்திருப்பார்களே, அது.

"அந்தாளுக்கு ஒருத்தரைச் சரியாத் தூக்கத் தெரியாது. இவ்வளவு நாளும் முதுகு என்ன பாடுபட்டுதோ."

நான் கார்ச் சாவியை எடுத்தேன். வெற்றி வாசலில் செருப்பைப் போடுவதா வேண்டாமா என்று நின்றான். நீரும் ஏறும் என்று அவனைப் பார்க்காமலே சொன்னாள் நிலானி. மேடம் அவனோடு பின்னால் ஏறிக்கொண்டார். அவள் முன் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். மங்கரேக்கு இருபத்தைந்து நிமிடம் என்று மேப் காட்டியது.

"கொஞ்சம் கெதியா விடுங்கோ தம்பி" என்றாள். "இன்னும் குளிக்க வார்த்திருக்க மாட்டார்."